ஞாயிற்றுக்கிழமைப் பருந்து

முதல் தடவை அது என் கையிலிருந்து கோழித்துண்டைப் பறித்தபோது, "அட நாசமாப் போனதே!" என்று கத்திவிட்டேன். திருப்பூரில் வீடுகளுக்கு நடுவே செல்போன் டவர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை, மொட்டைமாடியில் ஒற்றை அறை. ஞாயிறு மதியம்தான் நிம்மதியாக உட்கார்ந்து தின்ன நேரம். அதிலும் பங்குக்கு ஆளா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அது அலகால் கொத்தவில்லை. பின்பக்கமாக வந்து காலால் பறித்து, பறந்தபடியே காலை அலகுக்குத் தூக்கித் தின்றுகொண்டு போனது. கரண்டுக் கம்பிகளுக்கு நடுவே, பிளந்த வாலைச் சற்றே திருப்பி நுழைந்துவிட்டது. கழுகைப்போல அடித்துக் கொல்லும் வலு பருந்தின் கால்களுக்கு இல்லை. மனிதன் எறிவதையும் ஏமாறுவதையும் பார்த்துப் பார்த்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கக் கற்ற சாதி. அடுத்த ஞாயிறு நான் பொட்டலத்தைப் பிரிக்குமுன்பே எதிர் டவரில் உட்கார்ந்திருந்தது. போகப்போக நானே ஈரலைத் தூக்கிப் போட ஆரம்பித்தேன். பேசவும் ஆரம்பித்தேன்.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் மாடிப்படியில் நின்று கேட்டார்.

"ஏனுங் தம்பி, ஞாயித்துக்கெழமையானா ஆருகூடங்க பேசிட்டிருக்கறீங்க?"

"பருந்துகூடங்க."

"அது சரி! பொண்ணு பாருங்கன்னா, பருந்தப் பாத்துட்டிருக்கறீங்களாக்கும்."

சிரித்து வைத்தேன்.

அந்த வருடம் சொந்த ஊர் கணியூரில் அம்மா இறந்துபோனாள். எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். காரியம் முடித்து, வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் ஆனது. அங்கே காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு அண்ணாந்து பருந்தைத் தேடினேன். நான் வராததைக் கவனிக்க இனி அது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. பாவம், ஞாயிறு தவறாமல் காத்துக் கிடக்குமே என்று கவலை வேறு. பைத்தியக்காரன்!

திரும்பி வந்த ஞாயிறன்று ஈரல் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு மாடியேறினேன். "வா கண்ணு, வா" என்றேன். டவரிலிருந்து எழும்பியது. என் தலையைத் தாண்டிப் போய், அடுத்த தெரு மாடியில் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த வடநாட்டு ஆளின் கையிலிருந்து பறித்தது. அவர் இந்தியில் திட்டினார். பிறகு தானாகச் சிரித்து, இன்னொரு துண்டை மேலே எறிந்தார். அதையும் அது காற்றிலேயே பிடித்தது.

என்னை மறக்க அதற்கு ஒரு மாதம் போதுமாக இருந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கணியூரில் அழாத அழுகையையெல்லாம் அன்றைக்கு அழுதேன். ஈரல் ஆறிக் கிடந்தது. இரண்டு பங்கையும் நானே தின்றேன்.