காவல் சாவடியில் முருகன் திறந்த வழி

அன்பான அடியார்களே, ரத்த வாந்தி எடுத்து உயிர் போகும் நிலையில் கிடந்தவள் நான். இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன் என்றால் அது முருகன் போட்ட பிச்சை.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த இரண்டாம் வருஷம். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானும் அவர் தங்கை பாக்கியமும் துறைமுகக் கிடங்கில் கோணிப்பை தைத்து என் பிள்ளைகளை வளர்த்தோம். எனக்கோ விரல் மூட்டெல்லாம் வாதம். அவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தபோது வாங்கி வைத்த ஆஸ்பிரின் புட்டிகள் வீட்டில் இருந்தன. அந்த மாத்திரையை விழுங்கினால்தான் ஊசி பிடிக்க முடியும். மாதக்கணக்கில் விழுங்கினேன். அரிசி கிடைக்காத காலம். பல நாள் வெறும் வயிற்றில்தான். வயிறு எரிந்தது. மலம் தார் போலக் கறுத்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கிடங்கிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தேன். பாக்கியம் என்னைக் கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வழியில் ஜப்பான்காரன் காவல் சாவடி. அங்கே நிற்கும் சிப்பாயை எல்லோரும் நின்று குனிந்து வணங்க வேண்டும். என்னால் எழ முடியவில்லை. சிப்பாய் கத்தினான். பாக்கியத்தைக் கன்னத்தில் அறைந்தான். துப்பாக்கி முனைக் கத்தி என் பக்கம் திரும்பியது.

“அண்ணி, எப்படியாச்சும் எந்திரிச்சிரு,” என்று பாக்கியம் அழுதாள்.

“முடியலடி.”

கண்ணை மூடினேன். ‘முருகா, என் பிள்ளைங்களுக்கு அப்பா எங்கேன்னே தெரியல. அம்மாவும் இல்லாம பண்ணிடாதே.’ அவ்வளவுதான் வேண்டினேன். மறுபடியும் குமட்டியது. சிப்பாயின் காலடியில் ரத்தம் கொட்டியது. செத்தோம் என்று நினைத்தேன். அவனோ மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கி, போகச் சொல்லிக் கையை வீசினான். காசநோய் என்று பயந்திருப்பான். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் என் முருகன்தான்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தக் குளிசைதான் வயித்தைப் புண்ணாக்கிப்போட்டுது. இனித் தொடக்கூடாது. உடனே ரத்தம் ஏத்தோணும்.”

கன்னம் வீங்கியிருந்த பாக்கியம் கையை நீட்டினாள். “என்னுத எடுங்க டாக்டர்.”

அவள் ரத்தம் பொருந்தியது. பிழைத்தேன்.

என் வாதம் போகவில்லை. வீட்டுக்காரரும் திரும்பவில்லை. அதற்காக இன்றும் சந்நிதியில் அழுகிறேன். ஆனால் அன்றிலிருந்து எந்த வேதனையையும் மறைத்து வைத்ததில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உடம்பில் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், மனதில் இருப்பதை முருகனிடம் சொல்லுங்கள். எழுந்து நிற்கக்கூட முடியாதவள் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்டது.