சமயநல்லூரில் இறங்காத டீச்சர்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் மதுரையிலிருந்து என்னோடு தினமும் ரயிலில் வந்தவர் அந்த ஒல்லியான டீச்சர். பகலில் சமயநல்லூர்ப் பள்ளிக்கூடம். மாலையில் மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. பெண்கள் பெட்டியில் இடமிருந்தாலும் உட்காராமல், நர்ஸ் பாடத்தை விரல்களை மடக்கி நீட்டி எண்ணியபடியே நிற்பார்.

ஒருநாள் பெட்டியில் வலியோடு வந்த கர்ப்பிணிக்குப் பனிக்குடம் உடைந்தது. சமயநல்லூர் வந்துவிட்டது. அன்று பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக டீச்சர் சொல்லியிருந்தார்.

"இறங்கலையா டீச்சர்? வேலை போயிருமே!" என்றேன்.

"போகட்டும்க்கா. நான் இன்னும் தனியாப் பிரசவம் பார்த்ததே இல்ல. பயமாத்தான் இருக்கு. நீங்க அவ தலையைப் பிடிச்சுக்கங்க."

அடுத்த ஸ்டேஷன் சோழவந்தான் வருவதற்குள் குழந்தை அழுதது. தாயையும் பிள்ளையையும் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், எதிர்வண்டிக்குக்கூடக் காத்திராமல் டீச்சர் தண்டவாளத்தோரமாகச் சமயநல்லூருக்கு நடந்தார். சேலையெல்லாம் ரத்தம்.

மறுநாளிலிருந்து அவர் அந்த வண்டியில் வரவில்லை. இரண்டில் எந்த வேலை அவருக்கு நிலைத்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.