பேனா நின்ற இடம்

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்பு கம்பெனி. அங்கே நானும் கார்குழலியும் பதினொரு வருடமாக ஒரே மேசை. பெட்டிக்குப் பன்னிரண்டு சோப்பு. நான் ஒருமுறை எண்ணி ஒட்டிவிடுவேன். அவள் மூன்று முறை எண்ணுவாள். ஒட்டிய பிறகும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். முதலியார்பேட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தவள், கேஸை அணைத்தோமா என்று திரும்பி ஓடுவது வாரத்தில் இரண்டு நாளாவது நடக்கும்.

"பயப்பட ஒண்ணும் இல்லன்னா, அதுக்கும் பயப்படுவடி நீ" என்று திட்டுவேன். சிரித்துவிட்டு மறுபடி எண்ணுவாள்.

இப்படிப்பட்டவளைப் போய்த்தான் போன மாதம் பரீட்சை எழுதக் கூப்பிட்டார்கள். பரீட்சை அவளுக்கு இல்லை, பக்கத்து வீட்டு அமிர்தவல்லியின் மகள் கவிநிலாவுக்கு. பத்தாம் வகுப்பு. கணக்குப் பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது கடலூர் ரோட்டு மணலில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம் என்று அனுமதி கிடைத்தது. எழுதுகிறவர் சொந்தமாக இருக்கக் கூடாது, பத்தாம் வகுப்பைத் தொட்டிருக்கவும் கூடாது என்றார்கள். தெருவில் விசாரித்தால் எல்லோரும் ஏதாவது ஒரு சர்டிபிகேட் வைத்திருந்தார்கள். குழலி மட்டும் பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் டி.சி.யை எடுத்துக் கொடுத்தாள். 'ஒன்பதாம் வகுப்பு, இடையில் நின்றார்.' படிப்பை விட்டதற்காக ஒருத்தியை மரியாதையாகக் கூப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கோ பெருமை தாங்கவில்லை.

அவள் நின்றது, ஆலையில் அவளுடைய அப்பாவுக்குச் சம்பளம் நின்ற வருடம். ஒரு வெள்ளிக்கிழமை கணக்கு டீச்சர் காரணிப்படுத்துதல் நடத்தினாராம். x² + 5x + 6. பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். மேலே ஆறு, கீழே ஐந்து. பெருக்கினால் ஆறும் கூட்டினால் ஐந்தும் வருகிற இரண்டு எண்களைப் பக்கத்துக்கு ஒன்றாக எழுத வேண்டும். இரண்டு, மூன்று. அவற்றை அப்படியே எடுத்து (x + 2)(x + 3) என்று போட்டால் முடிந்தது. வகுப்பில் முதலில் முடித்தவள் குழலி. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். "எனக்குக் கணக்கு நல்லா வரும்க்கா" என்று இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லிவந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமையை நம்பித்தான்.

ஒத்திகைக்கு இரண்டு சாயங்காலம்தான் கிடைத்தது. சொல்லி எழுத வைப்பதே பழக்கமில்லை என்பதால், கவிநிலா சின்னச் சின்னக் கணக்காகவே எடுத்தாள். ஒன்றில் குறியை மாற்றிச் சொன்னபோது குழலியின் பேனா தானாக நின்றது. கவிநிலா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திருத்திச் சொன்னாள். இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது.

"குழலிக்கா, உங்க பேனா நின்னா நான் தப்புன்னு அர்த்தம். இல்ல?" என்று சிரித்தாள்.

"பரீட்சைல நிக்காது. அது தப்பு" என்றாள் குழலி. அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. கவிநிலா அரையாண்டில் இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள். இந்தக் கணக்கில் தேறினால்தான் பாலிடெக்னிக்.

பரீட்சை அன்று இருவரையும் தனி அறையில் உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்து உதவி செய்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொன்னார். குழலிக்குக் கை வேர்த்துக்கொண்டே இருந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து எழுதினாள். ஒன்றரை மணி நேரம் பேனா நிற்கவே இல்லை. பிறகு 2x² + 7x + 3 வந்தது, மூன்று மார்க்.

கவிநிலா பெருக்கல் குறி போடச் சொன்னாள். மேலே இரண்டையும் மூன்றையும் பெருக்கிய ஆறு, கீழே ஏழு. பக்கத்தில் ஆறும் ஒன்றும். குழலிக்கு நெஞ்சு குளிர்ந்தது, இது தெரிந்த கணக்கு. அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"எக்ஸ் பிளஸ் மூணு" என்றாள் கவிநிலா.

பேனா நின்றுவிட்டது. ஆறு எங்கே போனது, மூன்று எப்படி வந்தது? ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு ஜாடை காட்டவில்லை. பேனா மட்டும் தாளுக்கு மேலே நின்றது. கவிநிலா அதைப் பார்த்தாள்.

"இல்ல... எக்ஸ் பிளஸ் ஆறு. எக்ஸ் பிளஸ் ஒண்ணு" என்றாள். பேனா ஓடியது.

கேட்டைத் தாண்டியதும், "நல்லவேள நீங்க நின்னீங்கக்கா" என்றாள் கவிநிலா. தப்பு செய்துவிட்டோமே என்று ஒரு பக்கம் உறுத்தினாலும், பிள்ளையைக் கரையேற்றிவிட்டோம் என்று குழலி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருப்பாளா? பழக்கம் விடவில்லை. குலுக்கிப் பார்த்தாள். (x + 6)(x + 1) என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கினாள். x² + 7x + 6 வந்தது. முன்னால் இருந்த இரண்டைக் காணோம். மூன்று முறை பெருக்கினாள். பிறகு x + 3 பக்கத்தில் என்ன வந்தால் அந்த இரண்டு வரும் என்று தேடி, 2x + 1 போட்டுப் பெருக்கினாள். பிசகாமல் வந்தது. பக்கத்து எண்களை அந்த இரண்டால் வகுக்க வேண்டும் என்பது திங்கட்கிழமைப் பாடம் போலிருக்கிறது.

மறுநாள் மேசையில் அவள் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "ஒரு புள்ளயக் கெடுத்துட்டேன்க்கா" என்றாள்.

"யாருக்குடி தெரியும்? வாய மூடிக்கிட்டு பொட்டிய ஒட்டு" என்றேன். நல்ல புத்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

"தப்பா சொன்னது தான்தான்னு அவ நெனச்சிட்டு இருக்காளே" என்றாள்.

சாயங்காலம் அமிர்தவல்லி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். வசவு வாங்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டாமா? குழலி காலண்டர் தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அமிர்தவல்லி கத்தவில்லை. "உன்ன நம்பித்தானே வுட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

கவிநிலா தாளை வெகுநேரம் பார்த்தாள். "மொதல்ல நான் சொன்னது சரியா?"

"சரிம்மா. எனக்குத்தான் அதுவரைக்கும் தெரியாது."

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் கவிநிலா. அழுதாள். அழுகையை நிறுத்திவிட்டு, "நாளைக்கு சயின்ஸ். இனிமே வேற ஆளு கெடைக்க மாட்டாங்க. நீங்களே வாங்க" என்றாள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. குழலி தினமும் நாளை எண்ணுகிறாள், எனக்கும் அவளுடைய வியாதி ஒட்டிக்கொண்டது. சயின்ஸ் பரீட்சை எப்படிப் போனது என்று அன்றே கேட்டேன். அறைக்குள் போனதும் கவிநிலா தன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னாளாம். மூன்று மணி நேரமும் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாளாம்.

"பேனா நின்னுச்சா?" என்றேன்.

"நாலஞ்சு எடத்துல நின்னுச்சுக்கா" என்றாள் குழலி. "அவ திரும்பவே இல்ல."