உடையப்பன் மாமாவின் வலது கை

உடையப்பன் மாமா முனியாண்டி சாமிக்குப் பயந்ததில் கால்வாசி என் அக்காவுக்குப் பயந்திருந்தால், அவருடைய இடது கால் இன்றைக்கு நேராக இருந்திருக்கும். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "சரிதாம்லா மச்சான்" என்று சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதரோடு சண்டை போடுவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

என் அக்கா வீரம்மாவைக் கட்டியவர் அவர். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பெரிய சாலையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போனது, லயத்து வீடு மட்டும் எப்படியோ தப்பியது. மாமாவுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போய்வர ஒரு பழைய ஹோண்டா வாங்கினார். விடியற்காலைக் குளிருக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, பொத்தான்கள் முதுகுப் பக்கம் இருக்க அவர் கிளம்பும்போது, ஆள் வருகிறாரா போகிறாரா என்றே சந்தேகமாக இருக்கும்.

ஆறடி உயரம், முறுக்கு மீசை. அந்த உருவத்தைப் பார்த்துத்தான் முனியாண்டியும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தோட்டத்து முனிக்கு வருஷப் பூசை நடக்கும்போது சாமி இறங்குவது அவர் மேல்தான். அரிவாள் மேல் ஏறி நின்று சுருட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ஓர் அதட்டல் போட்டால் குழந்தைகள் வீறிட்டு அழும். அதே மனிதர் வீட்டில் அக்காவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார். அடுப்படியில் யாரும் இல்லையென்று நினைத்தால் "பாப்பா" என்பார். நான் வந்து நின்றால் உடனே அது "இந்தா" ஆகிவிடும்.

நான் சிலிபினில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தேன். விழுந்து நொறுங்கிய வண்டிகளெல்லாம் எங்களிடம்தான் வரும். ஊரில் யார், எங்கே, எப்படி விழுந்தார்கள் என்பது வண்டியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில், முனி கோயில் வளைவிலிருந்து வரும் வண்டிகளுக்கு மட்டும் ஓர் ஒற்றுமை இருந்தது. அடி எல்லாம் பின்பக்கம்.

அந்தக் கோயில் பெரிய சாலையின் ஓரத்தில், தோட்டத்தின் பழைய எல்லையில், ஒரு வளைவில் இருந்தது. தகரக் கூரை, ஒரு சூலம், சிவப்புத் துணி கட்டிய அரிவாள். நம் ஆட்கள் யாரும் அதைக் கும்பிடாமல் தாண்டமாட்டார்கள். காரில் போகிறவர் கும்பிடலாம், பஸ்ஸில் போகிறவர் கும்பிடலாம், ஒன்றும் ஆகாது. மோட்டார் சைக்கிளில் போகிறவன் கும்பிட்டால் என்ன ஆகும்? சாமியை இடது கையால் கும்பிட முடியுமா? வலது கையைத்தான் எடுக்க வேண்டும். முறுக்கும் கைப்பிடி இருப்பது வலது கையில், முன் பிரேக் இருப்பதும் வலது கையில். கை போனதும் வண்டி சட்டென்று வேகம் குறைந்து தள்ளாடும். பின்னால் பலகை ஏற்றிய லோரி வந்தால், அந்த லோரிக்காரனுக்கு இவன் பக்தி எங்கே தெரியப்போகிறது?

இதில் ஹெல்மெட் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யாராவது சாமி முன்னால் நிற்பார்களா? அதேபோல் ஹெல்மெட்டோடும் தாண்டக்கூடாது என்று மாமா தானாகவே ஒரு முறை வகுத்துக்கொண்டார். வாரைப் பூட்டாமல் சும்மா கவிழ்த்துக்கொண்டு போவார். வளைவு வந்ததும் வலது கையால் ஹெல்மெட்டைத் தூக்கி, நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, மறுபடி கவிழ்த்துக்கொள்வார். சாமியாடியே அப்படிச் செய்தால் மற்றவர்கள் விடுவார்களா? தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் அதே வளைவில் வரிசையாகத் தலையைத் திறந்து மூடினார்கள்.

எழுபத்தேழில் மாமா விழுந்தார். பின்னால் வந்த வேன் லேசாகத் தட்டியதில் வண்டியோடு சாலையோர லோங்காங் கால்வாயில் போய் விழுந்து இடது கால் முறிந்தது. ஹெல்மெட் அவருக்கு முன்னாலேயே உருண்டுபோய்த் தண்ணீரில் மிதந்ததாம். நல்லவேளை, தலை புல்லில் பட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, முனி காப்பாத்திட்டாரு என்பதுதான். எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு காலையும் முறித்துவிடலாமா என்று தோன்றியது. கால் கூடி, விந்தி விந்தி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் மாமா நன்றிக்கடனாக அந்த வளைவில் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

அக்கா கெஞ்சினாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் சோறு வடிக்காமல் இருந்தாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். மறுநாள் வளைவு வந்ததும் கை தானாகப் போய்விடும். தினமும் சாயங்காலம் லயத்து வாசலில் நின்று, தெரு முனையில் அந்த ஹோண்டாவின் சத்தம் கேட்கிற வரைக்கும் அவளுக்கு உயிர் உடம்பில் இருக்காது. நானே பார்த்திருக்கிறேன். கையில் கரண்டியோ துடைப்பமோ எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள், வேலையாக வந்தவள்போல.

அடுத்த வருஷம் சின்னையா செத்தார். மாமாவின் கூட்டாளி, அதே தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு அக்கா ஈப்போ பாசாருக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு முன்னால் லோரி, லோரிக்கு முன்னால் சின்னையா. பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்ததாம். அவர் ஹெல்மெட்டைத் தூக்கியதும், வண்டி தள்ளாடியதும், லோரிக்காரர் பிரேக்கை மிதித்தும் லோரி நிற்காமல் அவரை மோதியதும். கருமாதியில் ஆளாளுக்குப் பேசினார்கள். சாமிக்குக் குறை வைத்திருப்பார், கும்பிடாமல் போயிருப்பார், முனி சும்மா விடுவாரா என்று. அக்கா எழுந்து நின்று சொன்னாள்.

"கும்புட்டுத்தான் போனாரு. நான் பாத்தேன்."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த வாரமே கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டு, சாலையிலிருந்து நன்றாகத் தெரியும்படி சிவப்புச் சாயம் அடித்தார்கள். இன்னும் பயபக்தியோடு கும்பிட ஆரம்பித்தார்கள்.

பிறகு வருஷப் பூசை வந்தது. நல்ல உச்சி வெயில். உறுமி மேளம் அதிர, மாமா மேல் சாமி இறங்கி, அரிவாள் மேல் ஏறி நின்றது. காலில் இருந்த விந்தல் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் கொஞ்சம் நாத்திகம் பேசுகிறவன்தான், ஆனாலும் அப்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஒவ்வொருவராகப் போய்க் குறி கேட்டார்கள். சாமிக்கு ஆண்களெல்லாம் 'மகனே', பெண்களெல்லாம் 'மகளே'. எண்பது வயதுக் கிழவியும் மகளேதான். யாருக்கோ கல்யாணம் கூடும் என்றது, யாருக்கோ எலுமிச்சம்பழம் கொடுத்தது.

அக்கா ஒருநாளும் குறி கேட்டவள் இல்லை. புருஷன் முன்னால் போய்க் கைகட்டி நிற்க அவளுக்குக் கூச்சம். அன்றைக்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"என்ன வேணும் மகளே?" என்றது சாமி.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சாமி. ஒண்ணு கேக்கணும். மோட்டார்ல போறப்ப அவரு கையெடுத்துக் கும்புடலன்னா நீ கோவிச்சுக்குவியா?"

மேளம் நின்றுவிட்டது. சாமி சுருட்டை இழுத்துப் புகையை விட்டது.

"சின்னையா அண்ணே உன்னைக் கும்புட்டுக்கிட்டேதான் செத்தாரு. இவரையும் அப்படித்தான் எடுத்துக்கப் போறியா? எடுத்துக்கறதுன்னா இப்பவே சொல்லிடு. தெனம் வாசல்ல நின்னு நின்னு என்னால முடியல சாமி."

அவள் உடைந்து அழுதாள். என் அக்கா ஊர்முன்னால் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்பா செத்தபோதுகூட வீட்டுக்குப் பின்னால் போய் அழுதவள் அவள். சாமி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு மெதுவாக, அதட்டல் ஏதும் இல்லாமல் பேசியது.

"அழாத பாப்பா. கும்புடணும்னா வண்டிய ஓரமா நிறுத்தி, எறங்கிக் கும்புடட்டும். நேரமில்லன்னா ஒரு ஹோன் அடிச்சிட்டுப் போவட்டும், எனக்குக் கேக்கும். ரெண்டு கையும் வண்டியில இருக்கணும். தலையில உள்ளதத் தொடக்கூடாது, வாரை இறுக்கிப் பூட்டணும். இது என் வாக்கு."

கற்பூரம் ஏற்றிச் சாமியிடம் சத்தியம் வாங்கினார்கள். சாமி மலையேறி, தண்ணீர் தெளித்து மாமாவை உட்கார வைத்ததும், வழக்கம்போல அவர் சாமி என்ன சொன்னார் என்று கேட்டார். ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மறுநாளே வாரைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். முனியின் வாக்கை மீற அந்தத் தோட்டத்தில் யாருக்குத் தைரியம்? ஆண்கள் சேர்ந்து கோயிலுக்குப் பக்கத்தில் கல் கொட்டி, வண்டி நிறுத்த இடம் செய்தார்கள். அவசரமாகப் போகிறவர்கள் ஒரு ஹோன் அடித்துவிட்டுப் போனார்கள். காலையில் அந்த வளைவில் ஒரே ஹோன் சத்தம்.

எங்கள் பட்டறைக்கு அங்கிருந்து வரும் வண்டிகள் குறைந்தன. உங்கள் டத்தோ சாமி எனக்கு வியாபாரத்தைக் கெடுக்கிறார் என்று தவுக்கே சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். ஹெல்மெட் வாரைப் பற்றியெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் சாமியை நான் அங்கேதான் பார்த்தேன். பெரிய சாலைக்குக் காவல் நிற்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் அடுத்த வருஷப் பூசையில் மாமா அரிவாள் மேல் ஏறவில்லை. மேளம் அடித்து, வருந்தி வருந்தி அழைத்துப் பார்த்தார்கள். கால் வலிக்குது, முடியாது என்று ஓரத்தில் நின்றுகொண்டார். மாயாண்டி என்ற ஓர் இளவட்டத்தின் மேல் சாமி இறங்கியது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கௌரவம் அதுதான். தொழிற்சாலையில் பலகை தூக்குகிறவர், அங்கே அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. வருஷத்தில் ஒருநாள்தான் ஊரே அவர் காலில் விழும். அதையும் ஏன் விட்டார் என்று சண்டை போட்டேன். "போதும்லா மச்சான்" என்றார்.

எண்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அக்காவும் ஹோண்டாவில் வர, நான் என் வண்டியில் பின்னால் வந்தேன். கோயில் வந்ததும் மாமா வண்டியைக் கல் பரப்பில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விந்தி விந்திக் கோயிலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. சற்றுத் தள்ளியே நின்று கும்பிட்டார். அக்கா வண்டிப் பக்கத்திலேயே நின்றாள். கொண்டையைப் பிடரிக்கு இறக்கி, அதன் மேல் பெரிய வெள்ளை ஹெல்மெட்டைக் கவிழ்த்திருந்தாள்.

போலீஸ்காரனால் முடியாததை உன் முனி முடித்துவிட்டார் என்று நான் அவளைச் சீண்டினேன். அவள் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

"எந்த முனிடா என்னைப் பாப்பான்னு கூப்புடும்?"

இத்தனை வருஷமாக நான் அதை யோசிக்கவே இல்லை.

"நான் அழ ஆரம்பிச்சதும் சாமி போயிடுச்சு. அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் பேசுனது பூரா அவருதான்."

நீ அவரிடம் கேட்கவில்லையா என்றேன்.

"எப்படிக் கேக்கறது? சாமி பேருல தானே பேசிட்டேன்னு எங்கிட்டயும் அவரு ஒத்துக்கணுமா? எனக்காகப் பேசுனாரு. அப்புறம் அந்த அரிவா மேல ஏற அவருக்கு மனசு வரல. தள்ளி நின்னே கும்புடுறாரு பாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவேணாம்லா."

மாமா நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்தார். இத்தனை காலம் அவரோடு சண்டை போட்ட என் வாய்க்கு அன்றைக்கு ஒரு கேலியும் கிடைக்கவில்லை. அவர் தன் ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டினார். அக்காவின் வாரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தா, ஏறு" என்றார்.

வண்டி சாலையில் ஏறியது. மாமாவின் வலது கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா, வலது கையால் அவர் இடுப்பைப் பற்றிக்கொண்டு, கோயில் மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்து, மிச்சமிருந்த இடது கையை நெற்றிவரை தூக்கி இருவருக்கும் சேர்த்துக் கும்பிட்டாள்.