பாக்கியம் பெயரில் பதினாலு பேர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாக்கியம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஷொப்பிங் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சிங்களத்தில் இருந்தது. மகள் யோகாவுக்குப் பல்கலைக்கழக உதவிப்பணம் கிடையாது என்பது அதன் சாரம். காரணம் ஒரே வரி: குடும்ப வருமானம் வரம்புக்கு மேல்.

"எந்த வருமானத்தங்கய்யா சொல்றாங்க? லயத்துக் கூரைக்குத் தகரம் மாத்த வக்கில்ல எனக்கு."

அந்த வருமானத்தை எழுதியவன் நான்.

1. கொட்டேஷன்

பெருந்தோட்ட ஆபீஸில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, தலவாக்கலையில் ஒரு சின்ன முதலாளியிடம் கணக்கு எழுதப் போனேன். பஜாரில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை. மேலே மலையில் இருபது ஏக்கர் தேயிலை. பக்கத்துத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பதினாலு பெண்கள் வந்து கொழுந்து பறித்தார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு இல்லை, வேலை நாள் பதியும் செக்ரோல் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மாதக் கடைசியில் மொத்தப் பணமும் அவர்களில் ஒருவரான பாக்கியத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் எடுத்து வந்து பிரித்துக் கொடுப்பார். அவருக்குத்தான் கணக்கு இருந்தது, கையெழுத்தும் தெரியும்.

பிறகு கணக்குப் பார்க்க ஹட்டனிலிருந்து வந்த ஓடிட்டர் ஒரு விஷயம் சொன்னார். ஒப்பந்தத்தில் ஒரு தனியாளுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தால் ஐந்து வீதம் பிடித்து வரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வரி இலக்கம் எல்லாம் அனுப்ப வேண்டும். பிடித்ததற்குச் சான்றிதழும் கொடுக்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். "இது பதினாலு பேரோட காசுங்க. ஆளாளுக்குப் பிரிச்சு எழுதினா ஒருத்தருக்கு முப்பதாயிரம்கூட வராது. வரியே இல்ல."

"பிரிச்சா என்னாகும்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? பதினாலு பேருக்கும் ஈ.பி.எஃப்., சேமலாப நிதி கட்டச் சொல்வான் லேபர் ஒபீஸ்காரன். கொந்தராத்துன்னா ஒரே ஆளு. பாக்கியம் கூலி கேக்குற மாதிரி ஒரு கொட்டேஷன் அடிச்சு அவகிட்ட கையெழுத்து வாங்குங்க, கிளாக்கரையா."

அடித்தேன். 'கொழுந்து பறிப்பு ஒப்பந்தக்காரர்' என்று பாக்கியத்தின் பெயருக்குக் கீழே போட்டேன்; காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வரி இலக்கமும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து வீத வெட்டு முதல்முறை விழுந்த மாதம் எடை போடும் கொட்டகையில் சத்தம்.

"பதினாலு பேரு கொழுந்தெடுக்க, ஒருத்தி மட்டும் மொதலாளியாயிட்டா!" என்றார் கூடக் கொழுந்தெடுக்கும் செல்வராணி.

"ஆமாடி, நாளையிலருந்து கார்லதான் மலைக்கு வருவேன். நீ வந்து கதவத் தொற," என்றார் பாக்கியம்.

சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். வெட்டுப் போக மீதியைப் பாக்கியம் சதம் குறையாமல் பிரித்தார். வருட முடிவில் சான்றிதழை அடித்து, முத்திரை குத்தி அவரிடம் கொடுத்தேன். வருட மொத்தம் நாற்பத்தேழு லட்சம் ரூபாய்.

2. இருக்கிற பேப்பர் எல்லாம்

அந்தச் சான்றிதழைத்தான் யோகாவின் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார்கள். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

"எந்தக் கந்தோருக்குப் போனாலும் இன்னொரு பேப்பர் கொண்டாம்பாங்க. ரெண்டு பஸ் ஏறி திரும்பி வரணும். அதான் வீட்டுல இருந்தத எல்லாம் வச்சு அனுப்பினோம். சீல் குத்துன பேப்பரு, நல்லதுன்னு நெனச்சேங்கய்யா."

மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் இருந்தது. பாக்கியம் கேட்டது ஒரே கடிதம்: அந்தப் பணம் பதினாலு பேருடையது என்று. அன்றே அடித்தேன். பதினாலு பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒவ்வொருவரும் பறித்த கிலோ.

முதலாளி இரண்டு முறை படித்தார். கிழிக்கவில்லை. மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு லேபர் ஒபீஸ்காரன் வந்து நிப்பான். இந்தப் பிள்ளைக்கு நான் பத்தாயிரம் தாறேன். பேப்பர் மட்டும் கேக்க வேணாம்னு சொல்லுங்க."

சொன்னேன்.

"பத்தாயிரம் எத்தன மாசத்துக்குங்க?" என்றார் பாக்கியம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எடை பொஸ்தகம் ஒங்ககிட்டதான இருக்கு. அதுல பதினாலு பேரு பேரும் இருக்கே. அதயாவது தாங்க."

புத்தகம் என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. முதலாளியின் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது என்றேன். எனக்கு அந்தச் சம்பளம் தேவையாக இருந்தது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அவர் அந்தச் சிங்களக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் கொழுந்தெடுக்க வரவில்லை. யோகா முதல் வருடத்தை முடிக்காமல் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். பாக்கியத்தின் இடத்துக்குப் பெயர் தேவைப்பட்டது. செல்வராணி புதிதாக எடுத்த வங்கிப் புத்தகத்தோடு வந்தார். புதிய கொட்டேஷனையும் நானே அடித்தேன்.

சிறு கடைகளில் கணக்கு எழுதப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்த வரிச் சட்டத்தில் பிழையில்லை. பணம் யாருக்குப் போனது என்றுதான் படிவம் கேட்கிறது. அங்கே முதலாளிக்கு வசதியான பெயரை எழுதாதீர்கள். எழுதித் தொலைத்துவிட்டால், அந்தப் பெயருக்குரிய ஆள் வந்து நிற்கும் அன்றைக்காவது எடைப் புத்தகத்தைப் பிரதி எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் கடைக்கு எதிரிலேயே போட்டோகொப்பிக் கடை இருந்தது. பதினான்கு நாளும் அது திறந்துதான் இருந்தது.