எனக்கென்று வைத்திருந்த 'கெத்து'

ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் பண்ணுகிறவனுக்கு ஊரில் எல்லார் பேரையும் பெரிசாகப் போடத் தெரியும், தன் பேரைத் தவிர. முதலாளி கடையில் உட்கார்ந்து மவுஸ் தேய்ப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் சொந்தக் கடை போட்டு 'கெத்து கிராபிக்ஸ்' என்று பேர் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சினிமாக்காரர்களும் யூடியூப்காரர்களும் அந்தப் பேரை எடுத்துக்கொண்டபோது பொறுத்துக்கொண்டேன். அவர்கள் எங்கோ இருப்பவர்கள். என் கையாலேயே அதை எழுதி வாங்கிப் போனவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளைத் தோழர்கள்

சோழபுரத்திலிருந்து கல்யாண பேனருக்கு ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், லீவில் வந்து கட்டுகிறார். மணமக்கள் படம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தோழர்கள் கூலிங் கிளாஸோடு வரிசையாக வரவேண்டும். கீழே 'கெத்து பாய்ஸ்'. எனக்குச் சுருக்கென்றது. 'நண்பர்கள் குழு' என்றால் மரியாதையாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, நாங்க என்ன ரேஷன் கடை வரிசைலயா நிக்கோம்? கெத்துன்னே போடுங்க."

மூக்கு

தெலுங்கு பேசும் தோட்டக்காரர் ஒருவர், தன் ராஜபாளையம் நாய்க்குப் பிறந்தநாள் பேனர் கேட்டு வந்தார். நாயின் பேர் கெத்து. கழுத்தில் மாலை, பக்கத்தில் கேக். எனக்கு இதுவரை யாரும் கேக் வெட்டியதில்லை.

முகத்தை வெளுப்பாக்குவதும் மீசையைக் கறுப்பாக்குவதும் எங்கள் தொழிலில் கைப்பழக்கம். வயிற்றெரிச்சலில் யோசனை இல்லாமல், நாயின் இளஞ்சிவப்பு மூக்கையும் கறுப்பாக்கிவிட்டேன். அந்த மூக்குதான் அந்த ஜாதி நாய்க்கு அழகும் அடையாளமும் என்று இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பிரிண்டைப் பார்த்தவர் பதறிப்போனார்.

"மூக்கு கறுத்தா கலப்பு நாய்ம்பாங்க பாபு. மனுசங்களுக்கு எம்புட்டு டை வேணாலும் அடிச்சுக்கோங்க, எங்க கெத்து மூக்கைத் தொடாதீங்க."

பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கடை போட்ட அக்கா ஒருவர் 'கெத்து பால்கோவா' என்று எழுதச் சொன்னார். பால்கோவாவுக்குமா? மனசு கேட்காமல், சாமி பேர் ஏதாவது வைக்கலாமே என்றேன்.

"சாமி பேரெல்லாம் முன்னாடி வந்தவிய எடுத்துக்கிட்டாவ தம்பி. எனக்கு மிச்சம் இருந்தது இதுதான்."

ஜெபராஜ்

எங்கள் கடையில் பிரேம் அடித்துப் போர்டு கட்டிக்கொண்டிருந்தவன் ஜெபராஜ். டீ குடிக்கும்போதெல்லாம் என் ஆசையை அவனிடம்தான் சொல்லுவேன். அவன் திடீரென்று வேலையை விட்டான். பிறகு ஒருநாள் கை நிறைய டீக்கடைப் பன்னோடு வந்து நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை பிடித்துவிட்டானாம், போர்டு மட்டும் என் கையால் வேண்டுமாம். பேர் என்ன என்று கேட்டேன். கூசாமல் சொன்னான், 'கெத்து கிராபிக்ஸ்' என்று.

"ஏலே, அது எனக்குன்னு வச்சிருந்த பேருல்லா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"தெரியும்ண்ணே. நீங்க வைப்பீய வைப்பீயன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொறவு வாடகைக்குக் கடையைப் பிடிச்சுட்டு பேர் இல்லாம எப்படிண்ணே தொறக்கது?"

எரிந்துகொண்டே உட்கார்ந்து போட்டுக் கொடுத்த அந்தப் போர்டைப் போல அழகாக நான் இதுவரை ஒன்றும் போட்டதில்லை என்பதுதான், சக மவுஸ் தேய்ப்பவர்களே, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.