பாதிப் பாட்டில் போர்த்திய பட்டு

பாட்டுக் கேட்க வாருங்கள் என்று அழைத்துவிட்டு, வாசலிலேயே காதை அடைத்துக்கொள்ள ஆளுக்கு இரண்டு நுரைக்கட்டைகள் கொடுக்கும் ஊரில் இப்போது குடியிருக்கிறேன். அமெரிக்காவில், மலையடிவாரத்துச் சிற்றூர். ஒரு பீர்க்கடையின் பின்கட்டில்தான் கச்சேரி. நானோ காஞ்சிபுரத்தில் மைக் செட் கடை வைத்திருந்தவரின் மகன். முசரவாக்கத்துத் திருவிழாவுக்குக் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் பக்கத்து ஊர் மாகறலில் சாமி எழுந்திருக்க வேண்டும் என்பது அப்பாவின் தொழில் லட்சியம். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை, அந்த மஞ்சள் கட்டைகளைப் பணிவாக வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன். ஓசியில் கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை.

வந்தது டேலுக்காக. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். இந்த ஊரில் என்னை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர் அவர் ஒருவர்தான். பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பார். அன்று அவருடைய குழுவுக்கு வெள்ளோட்டம். கடைக்கார அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் மேடை, இல்லாவிட்டால் பழையபடி டேலின் கார் ஷெட். என் கையிலிருந்த பையைப் பார்த்ததுமே மனைவி சுமதிக்குச் சந்தேகம். "உள்ள இன்னா வெச்சிக்கினு இருக்கீங்க? நம்ம ஊரு வேலையெல்லாம் இங்க வேணாம். கம்முனு குந்திக்கினு கேளுங்க," என்றாள். குந்துவதற்கு நாற்காலியே இல்லை. எல்லாரும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள்.

முதலில் ஓர் இண்டி ராக் குழு. பாடிய இளைஞர் ஒருமுறைகூட எங்களைப் பார்க்கவில்லை. முடி மூக்கை மறைக்க, காலடியில் இருந்த, கிதாரின் ஓசையை மாற்றும் சின்னப் பெட்டிகளை மிதித்தபடியே பாடினார். "யாரு மேல கோவம் இந்தப் புள்ளைக்கு?" என்றாள் சுமதி. அடுத்து டேலின் குழு ஏறியது. பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார், ஆளுயர பேஸ். ஐந்து பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மைக்! மீதி நாலு மைக் எங்கே என்று மேடை முழுக்கத் தேடினேன். புளூகிராஸ் என்கிற இந்த மலைநாட்டுப் பாட்டுக்காரர்களின் பழக்கமே அதுதான் என்று பிறகு புரிந்தது. முறை வந்தவர் மைக்கின் முன் வருவார், மற்றவர்கள் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்குவார்கள். டேல் முன்னே வந்தார். விரல்களில் மாட்டியிருந்த உலோக நகங்கள் தந்தியில் ஓட ஓட, எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவர் அப்படி வெளுத்துக்கட்டும்போது சும்மா நிற்பது நம் பக்கத்தில் அவமரியாதை. பாட்டின் நடுவிலேயே பெரியவர் ஒருவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். பாடகரும் ஒரு கையால் கும்பிட்டபடி பாடிக்கொண்டே இருப்பார். முடிந்தபிறகு போர்த்தினால் ஆறுதல் சொல்வதுபோல் ஆகிவிடும். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வாங்கி வந்திருந்த அரக்குக் கரைப் பட்டு அங்கவஸ்திரத்தைப் பையிலிருந்து எடுத்தேன். சுமதி சட்டையைப் பிடிப்பதற்குள் மேடையில் இருந்தேன்.

போர்த்தினேன். ஜரிகைக் குஞ்சம் டேலின் விரல் நகங்களில் சிக்கிக்கொண்டது. பாஞ்சோ கொர்ரென்று இழுத்து நின்றது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் நிறுத்தினார்கள். கடைக்கார அம்மாள் கிளாஸ் துடைப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "போதும், இறங்கு என்கிறாயா?" என்று டேல் மெல்லத்தான் கேட்டார், மைக் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டது. என் சிநேகிதனின் மேடைக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. "ஐயோ, நன்றாக இருந்ததால்தான்! எங்கள் ஊரில் நன்றாக வாசித்தால் நடுவிலேயே போர்த்துவோம்," என்று என் ஆங்கிலத்தில் உளறினேன். பிடில் வாசித்த பெண் வில்லைத் தாழ்த்தி, "அப்படியானால் நான் சரியாக வாசிக்கவில்லையா?" என்று கேட்டார். முதலில் சிரித்தது கடைக்கார அம்மாள்தான். டேல் குஞ்சத்தைப் பல்லால் இழுத்து விடுவித்தார். பட்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். முடிந்ததும் அம்மாள் அங்கிருந்தே கத்தினார்: "அடுத்த மாதமும் வாருங்கள். ஆனால் அந்த ஆளைப் பின்வரிசையில் நிற்க வையுங்கள்!"

இவ்வளவையும் சுமதி படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தாள். அடுத்த பாட்டு பாதியில் இருக்கும்போதே அப்பா கூப்பிட்டுவிட்டார், அங்கே விடியற்காலை. "நடுப் பாட்டுல போத்துன பாரு, அதாம்பா மரியாத. ஆனா மைக்க மறைச்சிக்கினு நின்னியே! மைக் செட்டுக்காரன் புள்ளயா நீ?" என்று திட்டினார். திட்டுக்குப் பின்னால் கோயில் குழாய் அலறிக்கொண்டிருந்தது. மேடையில் நடந்த களேபரத்தில் ஒரு காதின் அடைப்பு எங்கோ விழுந்திருந்தது. அந்தக் காதில்தான் போன். இன்னொரு காதில் இருந்ததையும் பிடுங்கி எறிந்தேன். இந்தக் காதில் காஞ்சிபுரம், அந்தக் காதில் டேலின் பாஞ்சோ. இரண்டுக்கும் இருக்கிற ஒரு தலையை ஆட்டிக்கொண்டு, எனக்கென்று ஒதுக்கிய பின்வரிசையில் போய் நின்றேன்.